சாயத் தண்ணீரைத் தெளிய வைக்கும் மாங்கொட்டையும் தேங்காய் மஞ்சியும்



துணிக்குச் சாயம் போடுவது நம் சமுதாயத்துக்குப் புதிய தொழில் அல்ல. உருதுவில் சாயக்காரரை ‘ரங்ரேஜ்’ என்பார்கள். பல ஊர்களில் அது ஒரு குடும்பப் பெயராகவே நிலைத்திருக்கிறது. இன்றும் வீட்டுக் கொல்லையில் அடுப்பு வைத்து, மங்கிப்போன புடவைக்கும் துப்பட்டாவுக்கும் சாயம் போட்டுக் கொடுத்து, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். சிறிய அளவில் நூலுக்குச் சாயம் ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலை: வேலை முடிந்த பிறகு மிஞ்சும் வண்ணத் தண்ணீரை என்ன செய்வது? சாக்கடையில் விட்டால் தெருக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். கொல்லையில் ஊற்றினால் செடி கருகுகிறது, பக்கத்து வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றுக்கு என்ன ஆகுமோ என்ற பயமும் வருகிறது.

இப்போது இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. “தேங்காய் மஞ்சியையோ மாங்கொட்டையையோ கரியாக்கிப் போட்டால் சாயத் தண்ணீர் வெள்ளைத் தண்ணீர் ஆகிவிடும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் விடலாம்” என்கிறார்கள். இதில் முன்பாதி உண்மை. விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கும் உண்மை. பின்பாதி தவறு, அதை நம்பினால் ஆபத்து. இரண்டையும் இந்தக் கட்டுரையில் பிரித்துக் காட்ட முயல்கிறோம்.

சாயத் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது?

சாயம் போடும்போது பாத்திரத்தில் போட்ட சாயம் முழுவதும் துணியில் ஏறுவதில்லை. பருத்திக்கு அதிகம் பயன்படும் ‘ரியாக்டிவ்’ சாயங்களில் ஒரு பகுதி எப்போதும் தண்ணீரிலேயே தங்கிவிடும். துணியை அலச அலச இன்னும் கொஞ்சம் வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம் சாயம் கலந்தாலே கண்ணுக்கு நிறம் தெரிந்துவிடும். ஆகவே சிறிதளவு சாயம் பெரிய குளத்தையே நிறம் மாற்றிக் காட்டும்.

நிறம் ஏறிய தண்ணீரில் வெயில் உள்ளே இறங்காது. வெயில் இறங்காவிட்டால் பாசியும் நீர்ச்செடிகளும் வளராது, தண்ணீரில் பிராணவாயு குறையும், மீன்கள் சாகும். சில சாயங்கள் உடம்புக்கும் கேடு. பென்சிடின் என்ற பொருளிலிருந்து செய்யப்படும் சாயங்கள் புற்றுநோயோடு தொடர்புடையவை என்பதால் இந்திய அரசு 1990-களில் அவற்றையும், அவை போன்ற அசோ வகைச் சாயங்கள் பலவற்றையும் தடை செய்தது. பெயர், விவரம் எதுவும் இல்லாமல் பொட்டலத்தில் விற்கும் மலிவான சாயப்பொடியை வாங்க வேண்டாம் என்று நாம் சொல்வதற்கு இதுவே காரணம்.

சாயத்தோடு வேறு பொருள்களும் அந்தத் தண்ணீரில் இருக்கின்றன. துணியில் சாயம் பிடிக்க உப்பு போடுகிறோம், சலவைச் சோடா போடுகிறோம். அழுத்தமான நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராம், அதற்கு மேலும் உப்பு போடுவது வழக்கம். இந்த உப்புக்கு நிறம் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

கரி சாயத்தை எப்படிப் பிடிக்கிறது?

வீட்டில் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வைத்திருப்பவர்கள், பழுது பார்க்க வரும் ஊழியர் ஒரு கறுப்பு வடிகட்டியை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது கரிதான். பெரும்பாலும் தேங்காய் ஓட்டிலிருந்து செய்தது. அடுப்புக்கரிக்கும் அதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. காற்றுப் புகாமல் சூடாக்கிக் கரியாக்கிய பிறகு, நீராவி போன்றவற்றைக் கொண்டு அதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகளை உண்டாக்குகிறார்கள். இதைக் கிளர்வுற்ற கரி என்பார்கள். ஒரு சிட்டிகை, அதாவது 1 கிராம் நல்ல கிளர்வுற்ற கரியின் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட முடிந்தால் 1,000 சதுர மீட்டர் பரப்பு வரும். நம் கணக்கில் கிட்டத்தட்ட 25 சென்ட் நிலம்!

இந்தப் பரப்பில் சாயத் துகள்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. பஞ்சு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். கரியின் மேற்பரப்பில் சாயம் ஒட்டிக்கொள்வதைப் பள்ளிப் பாடநூல்களில் ‘பரப்புக் கவர்தல்’ என்று படிக்கிறார்கள். சாயம் இதில் அழிவதில்லை. தண்ணீரில் இருந்தது கரிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளர்வுற்ற கரியின் விலை அதிகம். அதனால்தான், பண்ணையிலும் ஆலையிலும் வீணாகும் பொருள்களைக் கொண்டு மலிவாக இந்த வேலையைச் செய்ய முடியுமா என்று ஆராயத் தொடங்கினார்கள். உமி, மரத்தூள், கடலைத்தோல், வாழைத்தண்டு, ஆரஞ்சுத் தோல், தேங்காய் மஞ்சித்தூள், மாங்கொட்டை என்று பட்டியல் நீள்கிறது.

தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகள்

இந்தத் துறையில் உலக அளவில் பேசப்படும் ஆய்வுகள் பல நம் மாநிலத்திலிருந்து வந்தவை. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் பேராசிரியர் சி. நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் 1990-களிலிருந்து வாழைத்தண்டு, ஆரஞ்சுத் தோல், தேங்காய் மஞ்சித்தூள் ஆகியவற்றைச் சாயத் தண்ணீரில் சோதித்துப் பார்த்தார்கள். கயிறு திரிக்கும் இடங்களில் நாரை எடுத்த பிறகு மலைபோலக் குவிந்துகிடக்கும் தூள்தான் இந்த மஞ்சித்தூள். அதைக் கரியாக்கி, ‘காங்கோ சிவப்பு’ என்ற சாயத்தில் சோதித்த முடிவை நமசிவாயமும் டி. கவிதாவும் 2002-ல் வெளியிட்டார்கள். 1 கிராம் கரி 6.7 மில்லிகிராம் சாயத்தைப் பிடித்தது.

மாங்கொட்டையைப் பற்றியும் ஆய்வு உண்டு. கே.வி. குமார், ஏ. குமரன் ஆகியோர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், மாங்கொட்டைப் பருப்பின் பொடி ‘மெத்திலீன் நீலம்’ என்ற சாயத்தை 1 கிராமுக்குச் சுமார் 143 மில்லிகிராம் வரை பிடிக்கும் என்று கணக்கிட்டார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தவர்களான நமக்கு இது சுவையான செய்தி. மாம்பழக் காலத்தில் கூழ் ஆலைகளின் வாசலில் பெங்களூரா மாங்கொட்டை எப்படிக் குவியும், அது அழுகினால் ஈ எப்படி மொய்க்கும் என்பதை நாம் நேரில் பார்த்தவர்கள்.

6.7 எங்கே, 143 எங்கே? மாங்கொட்டை மஞ்சியைவிட இருபது மடங்கு சிறந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சாயம் வேறு என்பதே முக்கியக் காரணம். தண்ணீரில் கரையும்போது சில சாயங்கள் நேர்மின் தன்மை பெறும், சில எதிர்மின் தன்மை பெறும். மாங்கொட்டை, மரத்தூள் போன்ற தாவரப் பொருள்களின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின் தன்மை கொண்டது. மெத்திலீன் நீலம் நேர்மின் வகை. இரண்டும் காந்தத்தின் இரு முனைகள்போல ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயமும், பட்டுக்கும் தோலுக்கும் போடும் ஆசிட் சாயமும் எதிர்மின் வகை. காங்கோ சிவப்பும் அப்படியே. பச்சைத் தாவரப் பொடி இவற்றைத் தள்ளிவிடும், எளிதில் பிடிக்காது.

இங்கேதான் ‘பதப்படுத்துதல்’ தேவைப்படுகிறது. பதப்படுத்தாத மஞ்சித்தூளைத் தண்ணீரில் போட்டால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இறங்கித் தண்ணீர் தேநீர் நிறமாகிவிடும். ஒரு நிறத்தை எடுக்கப்போய் இன்னொரு நிறம் வந்து சேரும். ஆகவே முதலில் நன்றாகக் கழுவிக் காயவைக்கிறார்கள். பிறகு காற்றுப் புகாத கலனில் சூடாக்கிக் கரியாக்குகிறார்கள். சில ஆய்வுகளில் கந்தக அமிலத்தாலோ ஃபார்மால்டிஹைடாலோ பதப்படுத்துகிறார்கள். மேற்பரப்பை நேர்மின் தன்மைக்கு மாற்றும் வேதிப்பொருளை மஞ்சித்தூளில் ஏற்றி, எதிர்மின் சாயங்களைப் பிடிக்கவைத்த ஆய்வும் நமசிவாயம் குழுவிடமிருந்தே வந்தது. ஆனால் அமிலமும் ஃபார்மால்டிஹைடும் ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர்கள் கையாள வேண்டியவை. வீட்டில் ஒருபோதும் முயல வேண்டாம். கண்ணும் கையும் போன பிறகு வருந்திப் பயனில்லை.

எவ்வளவு கரி வேண்டும்? ஒரு கணக்கு

ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 100 லிட்டர் அலசல் தண்ணீர் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் சாயம் இருந்தால், மொத்தச் சாயம் 5 கிராம். மஞ்சிக்கரி 1 கிராமுக்கு 6.7 மில்லிகிராம் பிடிக்கும் என்றால், நாளொன்றுக்குச் சுமார் 750 கிராம் கரி தேவை. மாதத்துக்கு 22 கிலோவுக்கு மேல். சிரமம்தான், ஆனாலும் சிறிய அளவில் செய்யக்கூடியதே.

இதே கணக்கை நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் தண்ணீர் வெளியேற்றும் சாயப்பட்டறைக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 750 கிலோ கரி வேண்டும், மாதத்துக்கு 22 டன். அத்தனை கரியைக் கொண்டுவருவது யார், சாயம் ஏறிய கரியை எங்கே கொட்டுவது? ஆய்வகத்தில் குடுவையில் வெற்றி பெற்ற முறை ஆலைக்கு அப்படியே போகாததற்கு இந்தக் கணக்கே காரணம். சாயத் தண்ணீர் உண்மையில் ஒரே சாயமாகவும் இருப்பதில்லை. பல சாயங்களும் உப்பும் சோப்பும் கலந்திருக்கும். அவை ஒன்றோடொன்று போட்டியிடுவதால் கரியின் திறன் ஆய்வுக்கட்டுரையில் உள்ளதைவிட மாறும். பெரிய ஆலைகளில் கரியை ஒரு படியாக மட்டுமே பயன்படுத்த முடியும். முழுச் சுத்திகரிப்பும் அதுவே ஆகிவிடாது.

நிறம் போனால் போதுமா?

இப்போது உப்புக்கு வருவோம். வீட்டில் 20 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 50 கிராம் வீதம் உப்பு போட்டால் மொத்தம் 1 கிலோ. துணி அந்த உப்பை எடுத்துக்கொள்வதில்லை. முழுவதும் தண்ணீரிலேயே நிற்கிறது. கரி சாயத்தைப் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. கரி போட்டு எடுத்த தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், ஆனால் கடல் நீரைவிட உப்பாக இருக்கும். குடிநீரில் கரைந்துள்ள மொத்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்தக் கணக்கில், உப்பே இல்லாத 2,000 லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோக இந்த 1 கிலோ உப்பு போதும். வாரத்துக்கு இரண்டு முறை கொல்லையில் ஊற்றினால் சில ஆண்டுகளில் கிணற்று நீர் என்னவாகும் என்று நீங்களே கணக்கிடலாம்.

இது வெறும் கணக்கு அல்ல, திருப்பூரில் நடந்து முடிந்த கதை. பனியன் தொழில் வளர்ந்தபோது சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக 1992-ல் நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய நிலங்களும், சுற்றியிருந்த கிணறுகளும் உப்பேறிக் கெட்டன. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். நிறத்தைக் குறைக்கும் சுத்திகரிப்பு நிலையங்கள் பலவும் இருக்கத்தான் செய்தன. ஆனால் உப்பு அப்படியே ஆற்றுக்குப் போனது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் வேலையிழந்தன. பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல், சவ்வூடு வடிகட்டியும் காய்ச்சியும் தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாறிய பட்டறைகள்தான் படிப்படியாகத் திறக்கப்பட்டன. விவசாயியும் தோற்றார், தொழிலாளியும் தோற்றார். முதலிலேயே கவனித்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள்.

நமக்கு இன்னும் அருகில் பாலாறு இருக்கிறது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் தொழிலில் நம் உறவினர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்தத் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதன் கழிவு பாலாற்றங்கரைக் கிணறுகளையும் நிலங்களையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்றும் சட்ட மாணவர்களுக்குப் பாடம். கேடு விளைவித்தவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நீதிமன்றம் அதில் நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாக அறிவித்தது. தோல் கழிவில் சாயத்தோடு குரோமியமும் உப்பும் உண்டு. அங்கேயும் நிறத்தை மட்டும் எடுப்பது தீர்வாகாது.

தெளிவான தண்ணீரை நம்பிவிடக் கூடாது என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல ஊர்களின் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ஆனால் பிள்ளைகளின் பல்லில் மஞ்சள் கறையாகவும், பெரியவர்களின் மூட்டில் வலியாகவும் வெளிப்பட்டது. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று இந்த ஃபுளோரைடு பாதிப்பிலிருந்து மக்களைக் காப்பதே.

கெலவரப்பள்ளி நுரைக்கு இது மருந்தாகுமா?

ஓசூர்க்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார்கள். தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, பெங்களூருவின் ஓரமாக வந்து, நம் எல்லைக்குள் நுழைந்து கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. வழியில் நகரத்தின் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்கின்றன. மழை பெய்து மதகு திறக்கும்போது வெண்ணுரை மலைபோலப் பொங்கி, பாலத்தையும் பாதையையும் மூடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த நுரைக்கு முக்கியக் காரணம் சாக்கடையோடு வரும் சோப்பு, சலவைத்தூள் போன்றவற்றின் எச்சம். அதைக் கரிமூட்டை போட்டுத் தீர்க்க முடியாது. பெங்களூருவிலும் நம் பக்கத்திலும் கழிவு ஆற்றில் சேரும் இடத்திலேயே சுத்திகரிக்கப்பட வேண்டும். அதே ஆறுதான் கிருஷ்ணகிரி அணைக்கும், சாத்தனூருக்கும், கடைசியில் கடலூருக்கும் போகிறது. மேலே இருப்பவர்கள் நமக்குச் செய்வதைப் பற்றிக் குறைசொல்லும் நாம், நமக்குக் கீழே இருப்பவர்களுக்கு என்ன அனுப்புகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

மார்க்க நூல்களில் தண்ணீரின் நிலையை அறிய நிறம், சுவை, வாசனை ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லியிருப்பது ஒளுவின் சட்டங்களைப் படித்த பிள்ளைகளுக்கும் தெரியும். கரி போட்டுத் தெளிந்த தண்ணீரின் சட்டம் என்ன என்பதை உங்கள் பள்ளிவாசல் இமாமிடமோ உலமாக்களிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அதைச் சொல்வது எங்கள் வேலையல்ல. நாம் சொல்ல வருவது இதுதான்: அங்கேயும் நிறம் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யவில்லை. அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்யாதிருப்பது நம் மீதுள்ள கடமை. அவர்களுடைய கிணறும் அதில் அடக்கம்.

வீட்டில் சாயம் போடுபவர்கள் கவனிக்க வேண்டியவை

1. சாயத்தை அளந்து போடுங்கள். கைக்கணக்கில் அள்ளிப் போட்டால் பாதி தண்ணீரில்தான் போகும், காசும் அதோடு போகும். துணியின் எடைக்கு ஏற்ற அளவைச் சாயம் விற்கும் கடையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிறத்துக்கான துணிகளைச் சேர்த்துவைத்து ஒரே முறையில் போடுங்கள்.

2. முதல் தண்ணீரையும் அலசல் தண்ணீரையும் கலக்காதீர்கள். சாயமும் உப்பும் மிக அதிகமாக இருப்பது முதல் தண்ணீரில். அது அளவில் குறைவு என்பதால் தனியே கையாள்வது எளிது. இரண்டையும் கலந்தால் கெட்ட தண்ணீரின் அளவுதான் பெருகும்.

3. முதல் தண்ணீரை வெயிலில் வற்றவிடுங்கள். மொட்டை மாடியில் அகலமான பிளாஸ்டிக் தொட்டியிலோ, தடித்த தார்ப்பாய் விரித்த செங்கல் தொட்டியிலோ ஊற்றி, குழந்தைகளும் ஆடு, கோழிகளும் அண்டாதபடி வலை போட்டு மூடுங்கள். கோடையில் 20 லிட்டர் சில நாட்களில் வற்றிவிடும். மழைக்காலத்தில் மேலே தகரமோ கண்ணாடித்தகடோ சாய்த்து வையுங்கள். அடியில் மிஞ்சும் உப்பையும் சாயத்தையும் சுரண்டிப் பையில் கட்டி வையுங்கள்.

4. அலசல் தண்ணீருக்குக் கரி பயன்படும். தண்ணீரை டிரம்மில் ஓர் இரவு தெளியவிட்டு, மேல் தண்ணீரை இன்னொரு டிரம்முக்கு மாற்றுங்கள். நன்றாகக் கழுவிய கரித்தூளைப் போட்டு, ஒரு மணி நேரம் அவ்வப்போது கலக்கி, பிறகு தெளியவிட்டுக் கெட்டித் துணியில் வடிகட்டுங்கள். ஒரு கண்ணாடிக் குடுவையில் எடுத்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். நிறம் குறையவில்லை என்றால் கரியின் இடம் நிரம்பிவிட்டது, மாற்ற வேண்டும் என்று பொருள். அடுப்புக்கரியின் திறன் குறைவு. கிளர்வுற்ற கரி சிறிதளவே போதும் என்பதால், பலர் சேர்ந்து மூட்டையாக வாங்கினால் கட்டுப்படியாகும்.

5. அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ, சமைக்கவோ, ஆடுமாடுகளுக்கு வைக்கவோ கூடாது. அதையே அடுத்த முறை அலசுவதற்குத் திரும்பப் பயன்படுத்துங்கள். நல்ல தண்ணீர் செலவும் மிச்சமாகும்.

6. சாயம் ஏறிய கரியை எருக்குழியில் போடாதீர்கள், அடுப்பில் எரிக்காதீர்கள், குப்பை வண்டியில் கொட்டாதீர்கள். சாயம் எங்கும் போய்விடவில்லை, அந்தக் கரியில்தான் இருக்கிறது. மழை பட்டால் மறுபடி கசியும். காயவைத்து, இரட்டைப் பையில் கட்டி, நனையாத இடத்தில் வையுங்கள். அபாயக் கழிவை எடுத்துக்கொள்ள அனுமதி பெற்ற நிலையங்கள் உண்டு. விவரத்தை ஓசூரில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டறியலாம்.

7. கரித்தூளையும் சாயப்பொடியையும் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். கர்ப்பிணிப் பெண்களையும் குழந்தைகளையும் அந்த வேலையில் ஈடுபடுத்த வேண்டாம்.

8. தொழிலைப் பெரிதாக்க நினைத்தால் முதலில் அனுமதி பெறுங்கள். துணிக்கும் நூலுக்கும் சாயமிடும் தொழில் ‘சிவப்பு’ வகையில், அதாவது மாசு அதிகம் தரும் தொழில்களின் பட்டியலில் இருக்கிறது. 1974-ம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் நடத்த முடியாது. கடன் வாங்கிப் பட்டறை போட்ட பிறகு மூடச் சொன்னால் குடும்பமே நொடிந்துபோகும்.

உங்கள் கிணறு எப்படி இருக்கிறது?

சாயத் தொழிலில் இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் கிணற்று நீரைப் பரிசோதித்துப் பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். முடிவுத்தாளில் மொத்தக் கரைந்த உப்புகள், ஃபுளோரைடு, நைட்ரேட், நிறம் ஆகிய நான்கையும் பாருங்கள். உப்பு 500-க்குள் இருந்தால் நல்லது. 2,000-ஐத் தாண்டினால் குடிக்க ஏற்றதல்ல. தாளைத் தூக்கி எறியாமல் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு எண் ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். நாளை ஒரு புகார் கொடுக்க நேர்ந்தாலும் அந்தத் தாள்களே உங்களுக்குச் சாட்சி.

ஒரு தெருவில் சாயம் போடும் வீடுகள் நாலைந்து இருந்தால், தனித்தனியே டிரம் வாங்குவதைவிடச் சேர்ந்து ஓர் இடத்தில் தொட்டி அமைப்பது செலவும் குறைவு, கண்காணிப்பும் எளிது. கரியை மொத்தமாக வாங்கலாம். சாயம் ஏறிய கரியையும் ஒன்றாகச் சேர்த்து ஒப்படைக்கலாம். இதற்கு முன்வரும் மஹல்லாக்கள் ஜமாஅத் நிர்வாகிகள் வழியாக எங்களை அணுகினால், விவரம் தெரிந்த பொறியாளர்களிடமும் கல்லூரி வேதியியல் துறையினரிடமும் ஆலோசனை பெற்றுத்தர முயல்வோம், இன்ஷா அல்லாஹ். மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது நல்ல செய்முறைத் தலைப்பு. மாங்கொட்டைக் கரி, மஞ்சிக் கரி, கடையில் வாங்கிய கிளர்வுற்ற கரி மூன்றையும் ஆசிரியரின் மேற்பார்வையில் ஒரே சாயத் தண்ணீரில் போட்டு, எது எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நிறத்தை எடுக்கிறது என்று அட்டவணை போடட்டும். அதோடு கரி போடுவதற்கு முன்னும் பின்னும் உப்பின் அளவையும் அளக்கட்டும். நிறம் குறைந்தும் உப்பின் எண் அப்படியே நிற்பதைத் தாங்களே பார்த்த பிள்ளைகள், தெளிந்த தண்ணீரைக் கண்டு ஏமாற மாட்டார்கள்.